செத்தமாட்டுக் குளத்துக்கு ஒரு மோட்டார்

படகில் கால் வைப்பதற்கு முன் வெர்லி அக்கா குனிவாள். முழங்காலில் மடித்து விட்டிருக்கும் ரப்பர் பூட்ஸை இரண்டு கையாலும் தொடைவரை இழுப்பாள். அதன் வாரை இடுப்பு பெல்ட்டில் மாட்டி ஒருமுறை சுண்டிப் பார்ப்பாள். பிறகுதான் ஏறுவாள். கார்களை அக்கரைக்குக் கொண்டுபோகிற பெரிய ஃபெர்ரியில் ஏறும்போதும் இதே வேலைதான். ஒரு வருஷம் லேக் சார்ல்ஸில் படகுக் கண்காட்சி நடந்தது. கம்பளம் விரித்த கூடத்தில், தண்ணீரையே பார்க்காத புதுப் படகுகளில் எல்லாரும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். அக்காவும் ஏறினாள். ஏறும் முன் குனிந்து, மாதா கோயிலுக்குப் போடுகிற செருப்பின் வாரை ஒரு துளை தள்ளி இறுக்கிக்கொண்டாள்.

"என்ன அண்ணி, கம்பளத்துல முங்கிடுவோம்னு பயமா?" என்று என் வீட்டுக்காரர் ரோனல் சிரித்தார்.

அக்கா குனிந்து செருப்பு வாரை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். நான் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமலே பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெர்லி அக்கா எனக்கு ஓரகத்தி. அவள் கணவர் ஹிலேர் அத்தான் மூத்தவர், ரோனல் இளையவர். லூசியானாவின் தென்மேற்கு மூலையில், நெல் வயல்கள் முடிந்து கடல் தொடங்குவதற்கு நடுவே கிடக்கிற சதுப்புதான் எங்கள் ஊர். குளிர்காலம் வந்தால் வாத்து வேட்டைக்கு நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் தங்குவது மிஸ்டர் எட்ரஸின் முகாமில். விடியும் முன் அவர்களைத் தட்டையடிப் படகில் ஏற்றிக் குளத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருகிறவர்களில் ஹிலேர் அத்தான் ஒருவர். அவர் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடிப்பார். அக்கா முன்னால் உட்காருவாள். பறவைகளை ஏமாற்றி இறக்கக் குளத்தில் பொம்மை வாத்துகளை மிதக்க விடுவார்கள். வெள்ளை நெற்றி வாத்துகள் உயரத்தில் போகும்போது ஊதுகுழல் இல்லாமல் வாயாலேயே கூப்பிடுவாள். இரண்டு குரல், ஒன்று உயர்ந்து ஒன்று உடைந்து. பறவைகள் வளைந்து திரும்பும். நகரத்து ஆட்கள் திரும்பிப் பார்த்து, "யார் அது?" என்பார்கள். "என் பொண்டாட்டி," என்பார் அத்தான், ஏதோ தானே கூப்பிட்டது போல.

கரைக்கு வந்ததும் அக்கா நேராக முகாமின் பின்கொட்டகைக்கு வந்துவிடுவாள். வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்துகளுக்கு அங்கே இறகு பிடுங்குவது எங்கள் வேலை. நான், அவள், இன்னும் இரண்டு பெண்கள். மூக்கு, இமை, காப்பிக் கோப்பை எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், கோடைக் கடைசியில் ஹிலேர் அத்தானுக்கு இழுவைக் கப்பலில் நிரந்தர வேலை கிடைத்தது. இரண்டு வாரம் ஆற்றில், இரண்டு வாரம் வீட்டில். இனி வேட்டைக்காரர்களைக் கூட்டிப்போக முடியாது. செய்தி வந்த அன்றே அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மிஸ்டர் எட்ரஸின் வாசலுக்குப் போனாள். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூச்சத்துக்குத் துணை நான்!

"மிஸ்டர் எட்ரஸ், ஹிலேரோட இடத்தை எனக்குக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "வாயால கூப்பிடறதுல உன்ன மிஞ்ச ஆளில்ல, கண்ணு. ஆனா நீ படகு ஓட்டி நான் பாத்ததில்லையே."

"நானும்தான் பாத்ததில்ல. ஆனா இன்னொரு சீசன் அந்தக் கொட்டாயில உக்காந்தா, எனக்கே இறகு முளைச்சுப் பறந்துருவேன்."

அதற்கு அவர் சிரித்தார். பிறகு நிபந்தனை சொன்னார். அத்தான் பார்த்துக்கொண்டிருந்தது கடைக்கோடியில் இருக்கிற செத்தமாட்டுக் குளம். சீசன் திறக்கும் சனிக்கிழமைக்குள் அக்கா தன் சொந்தப் படகில், சொந்த மோட்டாரில், அவரையே உட்கார வைத்து ஓட்டிக் காட்டவேண்டும். இல்லையென்றால் ஹூஸ்டனிலிருந்து ஒரு பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான், குளம் அவனுக்குப் போகும்.

படகு இருந்தது. பதினாறு அடி, அலுமினியம், அடி தட்டை, பழுப்பும் பச்சையுமாக அக்காவே பூசிய வர்ணம். மோட்டார்தான் இல்லை. பழையது உப்புத் தண்ணீர் தின்று, போன சீசனோடு கண்ணை மூடிவிட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் மோட்டார் வாங்கப் போகிறார் என்றால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி. ஆளாளுக்கு ஒரு வரன் கொண்டுவருவார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் அக்காவால் காலெடுத்து வைக்க முடியவில்லை.

"இருவத்தஞ்சு குதிரைசக்தி போதும் வெர்லி. அதுக்கு மேல போனா பெட்ரோல் குடிச்சே உன்னத் தின்னுரும்."

"இருவத்தஞ்சா? ரெண்டு தடியனுங்க, ஒரு நாய், ஒரு மூட்டை பொம்மை வாத்து. இதெல்லாம் ஏத்திட்டு இருவத்தஞ்சுல போனா ஈஸ்டருக்குத்தான் போய்ச் சேருவா."

ஹிலேர் அத்தான் கப்பலிலிருந்து போன் பண்ணி, "நான் வச்சிருந்த மாதிரியே ஒண்ணு வாங்கு. அதுல என்ன குறை கண்ட?" என்றார். அக்கா, "குறையா? ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ரோனலுக்கு ஒரே பிடிவாதம். நாற்பது குதிரை, புத்தம் புதுசு, வெண்ணெய் மாதிரி போகும். லேக் சார்ல்ஸில் மோட்டார் கடை வைத்திருக்கிற வாரன் அவருக்குச் சிநேகிதர். ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணட்டும் என்று, அக்காவின் படகிலேயே அந்த நாற்பதை மாட்டிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு நானும் படகில் இருந்தேன். பெரிய கால்வாயில் அக்கா கைப்பிடியைத் திருகினாள். படகின் மூக்கு ஒரு தரம் வானத்தைப் பார்த்து எழும்பியது. நான் பலகையைக் கட்டிப்பிடித்தேன். பிறகு மூக்கு தாழ்ந்தது, படகு தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது போல வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. கரையோர நாணல் ஒரே பச்சைக் கோடாக ஓடியது. அக்காவின் தொப்பி பறந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து கத்தினாள், வெள்ளை நெற்றி வாத்தைக் கூப்பிடுகிற அதே குரலில். இருபது வருஷமாக முன்பலகையில் பார்த்த முகம் இல்லை அது. இதை வாங்கு, இதை வாங்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கரையில் ரோனல் குதித்துக்கொண்டிருந்தார். "எப்படி? நான் சொன்னேனா இல்லையா? அண்ணி, முடிச்சுருவமா?"

அக்கா இறங்கினாள். மூச்சு வாங்கியது, கன்னம் சிவந்திருந்தது. மோட்டாரைத் தடவிக் கொடுத்தாள். பிறகு, "வாடைக்காத்து அடிக்கட்டும்," என்றாள்.

ரோனலின் முகம் தொங்கிப்போனது.

அவள் சொன்னதில் தப்பில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் மோட்டார் வாங்குவது அக்டோபரில். சீசன் நெருங்கும், கை பரபரக்கும், கடைக்காரன் பந்தல் போட்டு வாத்துக் குழம்பு ஊற்றுவான். அக்டோபரில் தெற்குக் காற்று கடல் தண்ணீரைச் சதுப்புக்குள் தள்ளி வைத்திருக்கும். எல்லாக் குளமும் தளும்பும். அந்தத் தண்ணீரில் கதவுப் பலகைக்கு மோட்டார் மாட்டினாலும் ஓடும். நவம்பரில் வடக்கிலிருந்து வாடை வரும். வாத்து வருவது வாடையோடுதான். தண்ணீர் போவதும் வாடையோடுதான். பறவை வந்து இறங்குகிற அன்றைக்குப் பார்த்துக் குளம் சேறாகக் கிடக்கும். இது கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் அக்டோபரில்தான் வாங்குவோம். நவம்பரில் முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வோம்.

அந்த வருஷம் வாடை வரவே இல்லை. நவம்பர் பிறந்தும் தெற்குக் காற்று, வியர்வை, கொசு. சனிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. ஹூஸ்டன் பையன் ஒருநாள் வந்து, முகாமில் தனக்கு எந்தக் கட்டில் என்று பார்த்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை, எங்களுக்கு வணக்கம் சொன்னான். அக்கா அவன் போன பிறகு சமையலுக்கு எடுத்த கோழியை மொட்டையடித்த வேகத்தில் தோலே கிழிந்துவிட்டது.

"அண்ணி, காத்துக்காகக் காத்திருந்தா சீசன் போயிரும். எட்ரஸ நாளைக்கே உக்கார வச்சு ஓட்டிக் காட்டிருங்க. குளம் நிறையத் தண்ணி. அவரு என்ன கண்டாரு?"

"சனிக்கிழமைக்கு அப்புறம் காண்பாருல்ல?"

"அது அப்புறம்."

"அந்த அப்புறத்துலதான ரோனல் நான் இத்தன வருஷம் நின்னுட்டிருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் கதவைத் திறந்தேன், கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி. வடக்கிலிருந்து காற்று. கால்வாய்ப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால் படித்துறையின் கீழ்ப்படிகள் எல்லாம் வெளியே வந்து, பாசியோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள்.

"வந்துருச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போ, எட்ரஸக் கூப்பிடு. ரோனல வாரனுக்குப் போன் பண்ணச் சொல்லு. அவன் கடையில மூலையில ஒரு நீளவால் கிடந்துச்சே, அதையும் வண்டியில போட்டுட்டு வரச் சொல்லு."

நீளவால் என்றால் எங்கள் ஆண்களுக்கு ஒரு இளக்காரம். புல்வெட்டும் எந்திரத்தில் இருக்கிற அதே எஞ்சின்தான், அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு நீண்ட இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் சின்ன விசிறி. நியூட்ரல் இல்லை, ரிவர்ஸ் இல்லை. கைப்பிடியை அழுத்தினால் வால் மேலே தூக்கும், விட்டால் கீழே போகும், சீசாப் பலகை மாதிரி. சத்தம் மட்டும் ஊருக்கே கேட்கும்.

முகாமுக்குப் பின்னால் கரைமேட்டை ஒட்டி ஒரு சேற்றுத் திடல் உண்டு. வாடை அடித்தால் செத்தமாட்டுக் குளம் எப்படி ஆகுமோ அப்படியே ஆகிற இடம். மேட்டில் பாதி ஊர் நின்றது. மிஸ்டர் எட்ரஸ் காப்பிக் குடுவையோடு முன்பலகையில் உட்கார்ந்தார். நடுவில் நான், என் காலடியில் இரண்டு அரிசி மூட்டைகள். வேட்டைக்காரர்களின் எடைக்கு நாங்கள். பின்னால் அக்கா. பூட்ஸை இழுத்து, வாரை மாட்டி, ஒரு சுண்டு.

முதலில் நாற்பது குதிரை. கால்வாயில் பிடித்த வேகத்தோடு திடலுக்குள் நுழைந்தோம். உள்ளங்கை ஆழத் தண்ணீரில் படகு பறந்தது. மேட்டிலிருந்து ரோனல் விசிலடித்தார்.

"அட, போகுதே!" என்றார் மிஸ்டர் எட்ரஸ்.

திடலின் நடுவில் அக்கா மோட்டாரை அணைத்தாள். படகு சொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது.

மேட்டில் ரோனல் தலையில் கை வைத்தார். "ஏன் நிறுத்துனீங்க? அண்ணி, நல்லாத்தான போச்சு! யாரு நிறுத்தச் சொன்னா?"

"வாத்து விழுந்திருக்கு!" என்று அக்கா திருப்பிக் கத்தினாள். "எடுக்க வேணாமா?"

மறுபடி கிளப்பினாள். மோட்டார் உறுமியது. விசிறி தனக்கே ஒரு குழி தோண்டிக்கொண்டது. கறுப்புச் சேறு பீய்ச்சி என் முதுகெல்லாம் அடித்தது. படகு ஒரு விரல்கூட நகரவில்லை. பிறகு மோட்டாரின் வயிற்றுக்குள் சேறு போய் அது பீப் பீப் என்று அழ ஆரம்பித்தது. அக்கா அணைத்தாள். எழுந்தாள். படகின் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் இறங்கினாள். தொடைவரை போனது. தோளைப் படகுக்குக் கொடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மிஸ்டர் எட்ரஸ் திரும்பிப் பார்த்தார். பின்பலகை காலியாக இருந்தது.

"ஏம்மா, நீ இறங்கிட்டா மோட்டார யாரு பிடிக்கிறது?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சேற்றில் நின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர. "இதத்தான் மிஸ்டர் எட்ரஸ்! ஹிலேர் மோட்டார் எந்தக் குளத்துலயும் நின்னதில்லன்னு ஊரே சொல்லும். நின்னுச்சு. ஒவ்வொரு பொம்மை வாத்தப் போடவும் நின்னுச்சு, ஒவ்வொரு செத்த வாத்த எடுக்கவும் நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும் நான் இறங்குனேன், நான் தள்ளுனேன். இப்ப பின்னால நான். எனக்குத் தள்ள யாரு இருக்கா?"

எனக்கு அந்தப் பூட்ஸ் வார் அப்போதுதான் விளங்கியது. இருபது வருஷம் அவள் படகில் ஏறவே இல்லை. இறங்கத் தயாராகத்தான் ஏறியிருக்கிறாள்.

ரோனலும் வாரனும் வந்து தள்ளினார்கள். ரோனலின் இடது பூட்ஸ் சேற்றுக்குள் போனது போனதுதான். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து நீளவால். வாரன் மாட்டினார். அக்கா கயிற்றை இழுத்தாள். சத்தம் எழுந்ததும் மேட்டில் ஒரே சிரிப்பு.

"அண்ணி, அப்படியே வந்து எங்க வாசல்ல புல்லையும் வெட்டிட்டுப் போங்க!"

"வெர்லி, மாடு ஏதாவது மேயுதான்னு பாத்து ஓட்டு!"

அக்கா வாலைத் தண்ணீரில் இறக்கினாள். கைப்பிடி ஒரு உதை உதைத்தது. முரட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பது போல. படகு ஒரு வட்டம் அடித்தது, இன்னொரு வட்டம் அடித்தது. மிஸ்டர் எட்ரஸின் காப்பி என் மடியில். அக்கா பலகையிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்தேவிட்டாள். எனக்குப் பயத்தில் ஜெபம்கூட மறந்துபோனது. எழுந்து உட்காருவாள் என்று பார்த்தேன். உட்காரவில்லை. கீழேயே மண்டியிட்டு, கைப்பிடியை இடுப்பெலும்போடு சேர்த்து அணைத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். உதை அடங்கியது. படகு நேராகத் திரும்பியது.

வேகமா? மெதுவாகச் சைக்கிள் விடுகிற ஆள் எங்களை முந்திவிடுவான். ஆனால் திடலுக்குள் போனோம். நடுவுக்குப் போனதும் அணைத்தாள். சொத். மேட்டில் சத்தம் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தாள். நீண்ட வால் பின்னால் எங்கோ சேற்றுக்குள் துழாவியது, பொருமியது, கறுப்பாகத் துப்பியது. என் காலுக்குக் கீழே அலுமினியம் நடுங்கியது. பிறகு மெல்ல, எருமை எழுந்திருக்கிற மாதிரி, படகு நகர்ந்தது.

"நகருது!" என்று கத்தியது நான்தான். என் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

"நிறுத்து," என்றார் மிஸ்டர் எட்ரஸ்.

நிறுத்தினாள்.

"போ."

போனாள்.

அவருக்கும் தலைக்கேறிவிட்டது. தொப்பியைக் கழற்றித் தூரத்தில் சேற்றில் எறிந்தார். "வாத்து விழுந்துருச்சு! அதோ! எடு!" அக்கா வாலைத் தூக்கி, திருப்பி, இறக்கி, தொப்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் குனிந்து எடுத்தேன். யாரும் இறங்கவில்லை. மறுபடி எறிந்தார். இந்தத் தடவை மேட்டில் இருந்தவர்களும் ஆளாளுக்குத் தொப்பியைத் திடலில் வீச ஆரம்பித்தார்கள். சிவப்பு, பச்சை, எண்ணெய்க் கறை பிடித்தது. "இங்க ஒண்ணு வெர்லி!" "அங்க அடிபட்டு ஓடுது பாரு, விடாத!" அக்கா ஒவ்வொன்றுக்கும் போனாள், நின்றாள், கிளம்பினாள். கடைசியில் என் மடி நிறையச் சேற்றுத் தொப்பி.

கரைக்கு வந்ததும் மிஸ்டர் எட்ரஸ் காதைக் குடைந்துகொண்டே சொன்னார். "ரொம்ப மெதுவு. மத்தவங்களுக்கு ரொம்ப முன்னாலயே நீ கெளம்பணும். அப்புறம் இந்தச் சத்தம். என் விருந்தாளிங்க செவிடாயிடுவாங்களே."

"துப்பாக்கி வெடிக்க வர்றவங்கதான? பூனையா வளக்க வர்றாங்க?"

அவர் சேற்றுத் தொப்பியை அப்படியே தலையில் வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை ரெண்டு பேரு. ஷ்ரீவ்போர்ட்காரங்க. காப்பி சூடா கேப்பாங்க, மறந்துராத."

அன்று சாயங்காலம் ஹிலேர் அத்தான் போன் பண்ணினார். அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"புல்வெட்டியா? என் படகுலயா? ஊருல என்ன பேசுவாங்க?"

"பேசிட்டாங்க. தொப்பியெல்லாம் தொவச்சுக் குடுக்கச் சொல்றாங்க."

"வெர்லி, நான் இத்தன வருஷமா நல்ல மோட்டார்தான வச்சிருந்தேன்? ஒரு நாளாவது மாட்டிக்கிட்டேனா?"

"நீ மாட்டல, ஹிலேர். நீ லீவுக்கு வா. என் இடத்துல ஒருநாள் உக்காரு. மோட்டாரு பழசு மாதிரியே வேணுமா வேணாமான்னு அப்புறம் சொல்லு."

"காத்து எப்படி?" என்றார் அத்தான், கப்பல் இரைச்சலுக்கு நடுவே.

"வாடை," என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

சனிக்கிழமை அவள் எல்லாருக்கும் முன்னால் கிளம்பினாள். மற்றப் படகுகள் வழியில் அவளைத் தாண்டிப் போயின. சிலது சரியாகப் போய்ச் சேர்ந்தது, சிலதுக்கு இறங்கித் தள்ளினார்கள். ஷ்ரீவ்போர்ட்காரர்களில் ஒருவர் வழியெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வந்தாராம். குளத்தில் சத்தம் நின்றதும் அக்கா வாயைக் குவித்து ஒரு குரல் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு அவர் காதிலிருந்து கையை எடுத்தவர் திரும்ப வைக்கவில்லை. மதியத்துக்கு முன் வாத்தெல்லாம் கொட்டகைக்கு வந்தது. அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லாப் பிடுங்குங்கடி, என் ஆளுங்களோடது," என்று சொல்லிவிட்டுப் படகைக் கழுவப் போனாள்.

இது மூன்றாவது சீசன். செத்தமாட்டுக் குளம் வெர்லி அக்காவிடம்தான் இருக்கிறது. ஹூஸ்டன் பையனுக்கு மேட்டோரக் குளம் கிடைத்தது, அவனுக்கும் அது போதும். நாற்பது குதிரையை ரோனல் வாங்கிக்கொண்டார். வாடை அடிக்கிற நாளில் அதைத் தள்ளுவது நான். ஹிலேர் அத்தான் லீவில் வரும்போது அக்காவின் படகில் முன்பலகையில் உட்கார்ந்து போகிறார். வாத்தைக் கூப்பிட அவருக்கு இன்னும் வரவில்லை.